தருமபுரியிலிருந்து தனுஷ்கோடிக்குத் தனியாக பைக்கில்

சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 470 கி.மீ. ஒரே நாளில் ஓட்டிவிடலாம்தான், ஆனால் தனியாகப் போகிறவர் மதுரையில் ராத் தங்குவதே நல்லது.

கிளம்பியதும் வருவது தொப்பூர் இறக்கம். விடிந்த பிறகு இறங்குங்கள். நியூட்ரலில் உருட்ட வேண்டாம். மூன்றாவது கியரில் வைத்தால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் போகவே கூடாது. அதற்கு பிரேக் பிடிக்காமல் போனால் நமக்கு ஒதுங்க இடமிருக்காது.

பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று பலமாக அடிக்கும். பின்சீட்டில் பையை உயரமாகக் கட்டினால் வண்டி தள்ளாடும். கனமானதைத் தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். ராமேஸ்வரத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டு காலையிலேயே தனுஷ்கோடி போய்விடுங்கள். மாலையில் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனையில் நீரோட்டம் மோசம், கடலில் இறங்காதீர்கள். மணலில் சைடு ஸ்டாண்ட் புதைந்து வண்டி சாயும். அடியில் தட்டையான கல்லோ பலகைத் துண்டோ வையுங்கள்.

அன்றிரவே செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி செயினின் உள்பக்கம் 90 கிரேடு கியர் ஆயில் விடுங்கள். உப்பு ஒட்டியபடி விட்டால் ஊர் திரும்புவதற்குள் துரு பிடித்து, செயின் கரகரக்க ஆரம்பிக்கும்.