பிஸ்கட்டா, பிரம்பா? வாரை இழுக்கும் நாயைப் பழக்கும் வழி

நாய் வளர்க்கிற நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் இருக்காது. "தீனி கொடுத்துக் கொடுத்தே நாயைக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள், சங்கிலியை ஒரு சுண்டு சுண்டினால் அடங்கிவிடும்" என்பார் ஒருவர். இழுத்தால் கழுத்தை இறுக்குகிற சோக் செயினைக் கண்ணில் பார்த்தாலே கொதித்துப்போவார் இன்னொருவர். இருவருடைய நாயும் தெருவுக்கு வந்தால் ஆளை இழுத்துக்கொண்டுதான் போகும், அது வேறு விஷயம். நான் தீனிக் கட்சி. ஆனால் இந்தக் கட்சிக்காரர்களில் நிறையப் பேர் அரைகுறையாகச் செய்து பார்த்துவிட்டு, இது வேலைக்காகாது என்று சங்கிலிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் வாரை இழுக்கும் பழக்கம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் சாமான். கடையில் கேட்டதும் எடுத்துத் தருகிற இரும்புச் சங்கிலி வேண்டாம், கனமாக இருக்கும், இழுத்தால் உங்கள் கையையே அறுக்கும். சுமார் 6 அடி நைலான் வார் போதும். நீளம் கூடிக் குறைகிற, பொத்தான் வைத்த வார் இந்தப் பாடத்துக்கு ஆகாது, ஏனென்றால் இழுத்தால் வார் நீளும் என்பதைத்தான் அது நாய்க்குச் சொல்லிக்கொடுக்கிறது. கழுத்துக்குச் சாதாரணப் பட்டை, அல்லது உடம்பைச் சுற்றி மாட்டுகிற, நெஞ்சில் கொக்கி உள்ள ஹார்னஸ். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்களுக்குத் தலை குறுகல், பட்டையைத் தலைவழியாக உருவிக்கொண்டு ஓடிவிடும். அவற்றுக்கு, இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகித் தலை உருவாமல் தடுக்கிற, அகலமான மார்ட்டிங்கேல் பட்டை பார்த்து வாங்குங்கள்.

அடுத்து தீனி, பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான். மேரி பிஸ்கட்டை உடைத்துக் கொடுப்பார்கள், அது தூளாகிக் கீழே கொட்டும், நாய் தரையை நக்கிக்கொண்டு நிற்கும், எதற்காகக் கிடைத்தது என்பது அதற்குள் மறந்தே போயிருக்கும். உப்பு, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி அல்லது ஈரல், பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கியது, ஒரே வாயில் விழுங்கிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கறி சேர்க்காத வீடு என்றால் பன்னீர். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம், பக்கத்தில்கூட வர வேண்டாம். கொடுக்கிற அளவை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். வயிறு நிறையத் தின்ற நாயிடம் பாடம் நடத்தவும் முடியாது, எனவே காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சொல். "யெஸ்" என்றோ "சரி" என்றோ, எதுவானாலும் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அம்மா "அப்படித்தாண்டா தங்கம்" என்றும் பையன் "குட் பாய்" என்றும் சொன்னால் நாய் யாரைக் கேட்கும்? ஹாலில் உட்கார்ந்து சொல்லைச் சொல்லி உடனே ஒரு துண்டு கொடுங்கள், திரும்பவும் அதேபோல. சொல்லைக் கேட்டதுமே தலை உங்கள் பக்கம் திரும்புகிறது என்றால் வேலை முடிந்தது. சொல் எதற்கு என்றால், நீங்கள் பைக்குள் கைவிட்டுத் தீனி எடுப்பதற்குள் நாய் வேறு ஏதாவது செய்யத் தொடங்கியிருக்கும். சரியான நொடியைப் பிடித்து வைப்பது அந்தச் சொல்தான்.

இப்போது நடை. ஹாலில் தொடங்குங்கள், பிறகு மொட்டை மாடி, பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் தெரு. நாய் உங்கள் இடப்பக்கம், வார் தொய்வாக. இரண்டு எட்டு அப்படியே வந்தால் "யெஸ்", தீனி. தீனி கொடுக்கும் கை பேன்ட்டின் பக்கத் தையலை ஒட்டியே இருக்கட்டும். முன்னால் நீட்டிக் கொடுத்தால் நாய் குறுக்கே வந்து உங்கள் காலைத் தட்டிவிடும், ஏனென்றால் தீனி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் அது வந்து நிற்கும். இழுத்தால் நின்றுவிடுங்கள். அதட்ட வேண்டாம், சுண்ட வேண்டாம், சும்மா நில்லுங்கள். திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்னால் வந்தோ வார் தொய்ந்த நொடியில் "யெஸ்" சொல்லி நடங்கள். முதல் சில நாள் தெருமுனையைக்கூடத் தாண்ட மாட்டீர்கள், அதற்குத் தயாராக இருங்கள். கம்பத்தை முகர்வதும் நாய்க்குப் பரிசுதான், தொய்வாக வந்தால் "போ, பார்" என்று விட்டுவிடலாம், அதற்குக் கோழிக்கறி செலவில்லை.

"இதெல்லாம் ஹாலில் நடக்கும், எங்கள் தெருவில் நாய்கள் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தெருநாய் தூரத்தில் தெரிகிறது, உங்கள் நாயின் காது நிமிர்கிறது, ஆனால் தீனி கொடுத்தால் வாங்கித் தின்கிறது என்றால் அந்தத் தூரத்திலேயே நின்று அது தெருநாயைப் பார்க்கப் பார்க்க ஊட்டுங்கள். தீனியை மோந்துகூடப் பார்க்காமல் விறைத்து நின்றால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மாறுங்கள், நிற்கிற ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்குங்கள், கைப்பிடி தீனியைத் தரையில் இறைத்துத் தேடவிடுங்கள். சந்து குறுகல் என்றால் நேரத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதே இடத்தில் சோக் செயின் என்ன செய்கிறது? தெருநாயைப் பார்த்ததும் உங்கள் நாய் பாய்கிறது, கழுத்தில் சுண்டு விழுகிறது, நின்றுவிடுகிறது. பார்க்கிறவருக்கு அடங்கிவிட்டது போலத் தெரியும். உண்மையில் இன்னொரு நாய் வந்தால் நம் கழுத்து வலிக்கும் என்பதை அது கற்றுக்கொண்டிருக்கலாம், அடுத்த முறை இன்னும் தூரத்திலேயே உறுமும். உறுமியதற்கும் சுண்டினால் உறுமுவதை நிறுத்தும், பயம் மட்டும் அப்படியே உள்ளே இருக்கும். "ஒரு சத்தமும் இல்லை சார், திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் நாய்களில் சில இப்படி உருவானவைதான். உறுமலுக்கு மட்டும் நாயை எந்தக் காலத்திலும் தண்டிக்காதீர்கள், அது கடிப்பதற்கு முன் கொடுக்கிற எச்சரிக்கை.

வலி கொடுத்தால் எதுவும் நடக்காது என்று நான் சொல்லவில்லை, நடக்கும். ஜெர்மனியில் போலீஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் 1910-லேயே இதை ஒரு முறையாக எழுதி வைத்தார், அவர் வழிவந்த பாணியில் எத்தனையோ நாய்கள் பழகியிருக்கின்றன. ஆனால் அது பலிக்கத் தண்டனை தவறு நடக்கிற நொடியிலேயே விழ வேண்டும், ஒவ்வொரு முறையும் விழ வேண்டும், அளவும் சரியாக இருக்க வேண்டும். காலையில் ஆபீசுக்கு நேரமாகிவிட்ட கோபத்தில் நாம் போடுகிற சுண்டு இதில் எதிலும் சேராது. தீனி தவறான நேரத்தில் விழுந்தால் நாய் கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான். போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனையை அதிகம் நம்பும் பள்ளிகளில் பயின்ற நாய்களிடம் பதற்றத்தின் அடையாளங்களும், பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் கூடுதலாக இருந்தன. வேல்ஸ் நாட்டில் மின் அதிர்ச்சி கொடுக்கும் ஷாக் காலருக்கு 2010-லேயே தடை வந்துவிட்டது.

"நாய் ஓநாய் வம்சம், நாம்தான் ஆல்ஃபா என்று காட்ட வேண்டும்" என்கிற வாதமும் வரும், ஆல்ஃபா என்றால் கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன். அந்தக் கருத்துக்கு அடிப்படை, அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ஆராய்ச்சியாளர் ருடால்ஃப் ஷெங்கெல் 1947-இல் எழுதியது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட குடும்பம்தான், அங்கே ஆல்ஃபா என்ற பேச்சு பொருந்தாது என்று 1999-இல் அவரே எழுதிவிட்டார். ஆகவே நாயை மல்லாத்திப் போட்டு அமுக்குவதெல்லாம் வேண்டாம், கடிபடத்தான் வழி.

சுண்டுகிற கட்சி சொல்வதில் ஒன்று மட்டும் சரி. தீனியைக் காட்டிக் காட்டியே கூட்டிப்போனால் தீனி இல்லாத அன்று நாய் வராது. அது லஞ்சம். தீனி முதலில் கண்ணில் படக்கூடாது, வேலை முடிந்த பிறகுதான் பையிலிருந்து வர வேண்டும். நடை பழகியதும் இரண்டு எட்டுக்கு ஒன்று என்பதைப் பத்து எட்டுக்கு ஒன்று, பிறகு எப்போது வரும் என்றே தெரியாதபடி ஆக்குங்கள். இருந்தாலும் அடியோடு நிறுத்த வேண்டாம், தெருநாய் வருகிற நேரத்துக்குப் பையில் நாலு துண்டு இருக்கட்டும்.

ட்ரெய்னர் வைப்பதானால் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள், தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவதற்கு மட்டும் நீளமாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அவரே நாயை நடத்திவிட்டுப் போகிற ஏற்பாடும் பயன்படாது, நாய் அவரிடம் மட்டும் ஒழுங்காக இருக்கும். வாரை நீங்கள் பிடியுங்கள், அவர் பக்கத்தில் நின்று திருத்தட்டும். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறினால் ட்ரெய்னருக்கு முன்னால் கால்நடை மருத்துவர், காதில் சீழோ மூட்டில் வலியோ இருக்கலாம். ஏற்கெனவே ஆளைக் கடித்த நாய் என்றால் இந்தக் கட்டுரையை வைத்து நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். கூடை மாதிரியான வாய்மூடி போட்டு, மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்கிற ஆளிடம் போங்கள்.