டெர்மினலிலேயே ஆவணம் படிக்கலாம்: டபிள்யூ3எம் போதும்

டெபியன் லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்றில், தொலைவிலிருந்தே உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள். நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் கருவியில் ஏதோ ஓர் ஆப்ஷன் நினைவுக்கு வரவில்லை. இணையத்தில் தேடினால் வேறு பதிப்புக்கு எழுதிய விளக்கம்தான் முதலில் வந்து நிற்கிறது. உங்கள் கணினியில் ஓடும் அதே பதிப்புக்கான ஆவணத்தை, டெர்மினலை விட்டு வெளியே வராமல் படிப்பது எப்படி என்று பார்ப்போம். டெபியன், உபுண்டு இரண்டுக்கும் இது பொருந்தும். கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். நான் தனியாகச் சொல்லும் இடம் தவிர மற்ற எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து.

முதலில், டெர்மினலுக்குள்ளேயே பக்கங்களை எழுத்தாகக் காட்டும் உலாவி. "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டபிள்யூ3எம்". இதே வகையில் இன்னொன்றான லின்க்ஸ் என்பது 1992-இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்து இன்றும் பராமரிக்கப்படுகிற பழைய உலாவி. அம்புக்குறி விசைகளாலேயே எல்லாம் நடந்துவிடும் என்பதால் பலர் புதியவர்களுக்கு அதைத்தான் சொல்வார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. அட்டவணைகளை அது கட்டம் கட்டமாகக் காட்டுவதில்லை, தொழில்நுட்ப ஆவணத்திலோ பாதி அட்டவணைதான். டபிள்யூ3எம் அதை ஒழுங்காகக் காட்டும்.

வெறுமனே பெயரை அடித்து என்டர் தட்டினால் உதவிக்குறிப்பை மட்டும் கொட்டிவிட்டு வெளியேறிவிடும். எதைத் திறக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: "டபிள்யூ3எம் /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்". நிறுவியிருக்கும் ஒவ்வொரு பேக்கேஜின் (மென்பொருள் தொகுப்பின்) ஃபோல்டரும் சுட்டியாக வரும். அடுத்த சுட்டிக்கு டேப், உள்ளே போக என்டர், திரும்பி வர ஷிஃப்டுடன் பி, தேட சாய்கோடு, வெளியேற க்யூ. ஜிஇசட் என்று முடிகிற, சுருக்கிவைத்த மாற்றப் பதிவுகளை விரிக்கத் தனிக் கட்டளை எதுவும் வேண்டாம், அப்படியே திறக்கும்.

இப்போது மேன் பக்கங்கள், அதாவது கட்டளைகளின் கையேட்டுப் பக்கங்கள். அதே பேக்கேஜில் "டபிள்யூ3எம்மேன்" என்று ஒன்று கூடவே வருகிறது. "டபிள்யூ3எம்மேன் கிரான்டேப்" என்று அடித்துப் பாருங்கள். கடைசியில் "இதையும் பார்க்க" பகுதியில் உள்ள பெயர்களெல்லாம் சுட்டிகளாகியிருக்கும். அன்றாடத்துக்கு இதுவே போதும்.

டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் பாஷ் ஷெல்லுடையது மாதிரி முடிவே இல்லாத பக்கமென்றால் மேலே தலைப்புப் பட்டியல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அதற்கு மேன் கட்டளையிலேயே வழி உண்டு: "மேன் -ஹெச்டபிள்யூ3எம் பாஷ்". ஹெச் மட்டும் பெரிய எழுத்து. அதற்கும் உலாவியின் பெயருக்கும் நடுவே இடைவெளி கூடாது. இடைவெளி விட்டால் டபிள்யூ3எம்மின் மேன் பக்கத்தைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

என் நேரத்தை அதிகம் தின்ற இடம் இதுதான். எல்லாம் சரியாக அடித்தும், மேன் பக்கங்களை வடிவமைக்கும் குரோஃப் பெயரைச் சொல்லி ஒரு நீளமான பிழைச்செய்தி வரும். கோளாறு உலாவியில் இல்லை. டெபியன் வழக்கமாகப் போட்டுத் தருவது "குரோஃப்-பேஸ்" மட்டும். டெர்மினலில் மேன் பக்கம் காட்ட அது போதும். ஹெச்டிஎம்எல்லாக மாற்றும் பகுதி முழு "குரோஃப்" பேக்கேஜில்தான் இருக்கிறது. அதை நிறுவிவிட்டு மறுபடி அடியுங்கள், திறந்துவிடும்.

கிட்டிலும் இதே மாதிரி ஒரு சங்கதி. "கிட் ஹெல்ப் -டபிள்யூ ரீபேஸ்" என்றால் உலாவியில் காட்ட வேண்டும். ஆனால் கிட்டின் ஹெச்டிஎம்எல் ஃபோல்டர் ஆவண ஃபோல்டரே இல்லை என்று மறுத்துவிடும். ஹெச்டிஎம்எல் பக்கங்கள் "கிட்-டாக்" என்ற தனிப் பேக்கேஜில் இருப்பதுதான் காரணம். போட்டபின், வரைகலைத் திரை இல்லாத சர்வரில் கிட் முதலில் தேடுவதே டபிள்யூ3எம்மைத்தான். பைதானுக்கு "பைதான்3-டாக்". பொதுவாக டாக் என்று முடிகிற பேக்கேஜ் இருக்கிறதா என்று "ஆப்ட் சர்ச்" செய்து பாருங்கள். ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: "ஆர்ச்-விக்கி-டாக்ஸ்" போட்டால் அவர்களுடைய விக்கியே வட்டில் வந்து உட்கார்ந்துவிடும். இணையம் அறுந்த நேரத்தில் நெட்வொர்க்கைச் சரிசெய்ய வேறென்ன வேண்டும்!

பின்சேர்க்கை: எழுத்துகள் குப்பையாகத் தெரிகின்றன என்று ஒருவர் கேட்டிருந்தார். மொழி அமைப்பைக் காட்டும் "லோகேல்" கட்டளையை அடித்து, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறை இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் குப்பை வந்தால், டபிள்யூ3எம்முக்குள் ஓ விசையை அழுத்தி, திரைக்கான எழுத்துக் குறிமுறையை மாற்றுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் சூழலுக்குள்) டாக் ஃபோல்டரில் காப்புரிமைக் கோப்புகள் தவிர எதுவுமே இல்லை என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். இடத்தை மிச்சம்பிடிக்க, சுருக்கிய இமேஜ்களில் ஆவணங்களை நிறுவ வேண்டாம் என்று, பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜிக்கே சொல்லி வைத்திருப்பார்கள். /ஈடிசி/டிபிகேஜி/டிபிகேஜி.சிஎஃப்ஜி.டி ஃபோல்டருக்குள் "பாத்-எக்ஸ்க்ளூட்" என்று தொடங்கும் வரிகளைத் தேடி, டாக், மேன் இரண்டுக்குமானவற்றை நீக்குங்கள். அப்புறம் வேண்டிய பேக்கேஜை "ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்" என்று மறுபடி போட வேண்டும். வரியை நீக்கியதால் மட்டும் பழைய கோப்புகள் திரும்பி வராது.