பற்றரியை உடைக்காதை, தம்பி

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு பழைய இரும்பு வளவுக்குப் போயிருந்தேன். பத்தொன்பது வயது மதிக்கத்தக்க பெடியன் ஒருவன் லொறிப் பற்றரியின் மூடிகளைக் கழற்றி, அசிற்றை முருங்கை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஏனென்று கேட்டேன். "பாரம் குறைஞ்சால் தூக்கச் சுகம் அண்ணை" என்றான். 2010இல் மீள்குடியேறி வந்து பழைய வாகனம் கழற்றத் தொடங்கிய நாளில் நானும் அதைத்தான் செய்தேன். கையுறை போடு, சப்பாத்துப் போடு என்று எல்லோரும் சொல்வார்கள், அதை விடுகிறேன்.

பற்றரியைக் கழற்ற எந்த வயர் முதலில்?

மைனஸ். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பனர் தகரத்தில் முட்டியதும் பொறி பறக்கும். பற்றரிக்குள்ளிருந்து வரும் ஐதரசன் அந்தப் பொறியில் வெடிக்கும்.

ஈயத்துக்காக உடைப்பது

இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது, முதலில் என்மீதே. அப்போது குளத்து மீனுக்கு வீச்சுவலை கட்டினோம். ஈயக்குண்டு வாங்கக் காசில்லை. வளவில் பற்றரிகள் கிடந்தன. கோடரியால் பிளந்து, தட்டுகளை அம்மாவின் பழைய தாச்சியில் போட்டு, குசினிக்குப் பின்னால் கல்லடுப்பில் உருக்கினேன். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். விறகு நெருப்பே போதும். அதனால்தான் இது லேசான வேலை போலத் தெரிகிறது.

ஆனால் தட்டு முழுவதும் உலோகம் இல்லை. சட்டமும் முனைகளும்தான் உருகும். சட்டத்தில் அப்பியிருக்கும் பசை ஈய ஒட்சைட்டும் ஈய சல்பேற்றும். அது உருகாமல் சாம்பல் போல மேலே மிதக்கும். நான் அதை அகப்பையால் வழித்து வேலியோரம் கொட்டினேன். கச்சான் காற்று அதைத் தூக்கி முற்றத்தில் போட்டது. அந்த முற்றத்தில்தான் நெல் காய்ந்தது, அக்காவின் பிள்ளை தவழ்ந்தது.

மூன்று மாதத்தில் வயிற்றைப் பிடுங்கும் வலி, மலச்சிக்கல், ஸ்பனரை இறுக்க முடியாத மணிக்கட்டு. கைமருந்தெல்லாம் குடித்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு டொக்டர், "என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்ட பிறகுதான் இரத்தத்தில் ஈயம் பார்த்தார்கள். பிள்ளைக்கும் இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. விழுங்கும் ஈயத்தைச் சிறுபிள்ளையின் உடல் பெரியவர்களைவிட நான்கு, ஐந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"நான் உருக்கிறதில்லை, உடைச்சு மட்டும்தான் குடுக்கிறன்" என்று சிலர் சொல்கிறார்கள். உடைக்கும்போதே தூள் சாரத்தில் ஒட்டிவிடும். அதே சாரத்தோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை மடியில் தூக்கி வைக்கிறீர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர் யாரென்று விசாரித்து, பற்றரியை முழுதாகக் கொடுங்கள். நிறை பார்த்துத்தானே வாங்குகிறார்கள்; அசிற்றை ஊற்றினால் காசும் அதோடு மண்ணுக்குள் போகிறது.

பாதரச சுவிட்ச்

எங்கள் பக்கம் உடைக்க வரும் யப்பான் வாகனங்களில் இது அரிது. 2003க்கு முன் செய்த அமெரிக்க வாகனம் வந்தால் பொனற் லைற்றையும் டிக்கி லைற்றையும் பாருங்கள். உள்ளே சிறு குப்பியில் ஏறத்தாழ ஒரு கிராம் பாதரசம் இருக்கலாம். குப்பியை உடையாமல் எடுத்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, "பாதரசம்" என்று எழுதி வையுங்கள். தகரத்தோடு போகவிட்டால், 357 பாகையில் கொதிக்கும் பாதரசம் இரும்பு உருக்கும் உலையில் முழுவதும் ஆவியாகிவிடும்.

வெடிப்பு விட்ட பற்றரிப் பெட்டி

நிமிர்த்தியபடியே பிளாஸ்டிக் வாளிக்குள்.

ஊற்றுப்பட்ட அசிற்

நுரைப்பது நிற்கும்வரை அப்பச்சோடா தூவுங்கள். அசிற் அடங்கினாலும் அதோடு வந்த ஈயம் மண்ணில்தான் இருக்கும். ஈரம் காயுமுன் அந்த மண்ணை வெட்டி, தடித்த பையில் கட்டிப் பற்றரிகளோடு வையுங்கள். அன்று அந்தப் பெடியனும் நானும் இரண்டு பை மண் வெட்டினோம். இனி அந்த மரத்தில் கீரை ஆய வேண்டாமென்று அவன் தாயிடம் சொன்னேன். கிணறு மரத்திலிருந்து பத்து அடிகூட இல்லை.