தொப்பூர் இறக்கத்தில் விபத்து: பழி முழுக்க டிரைவர் தலையில் விழாமல் இருக்க

எஃப்.ஐ.ஆர். என்பது வழக்குப் பதிவுதான், தீர்ப்பு இல்லை. ஆனாலும் தர்மபுரி–சேலம் சாலையில் உள்ள தொப்பூர் மலை இறக்கத்தில் லாரி மோதிய அன்று மாலைக்குள் 'டிரைவர் தப்பு' என்று பேச்சு கிளம்பிவிடும். அதை மறுக்க டிரைவரான உங்கள் கையில் ஆதாரம் இருந்தால்தான் வேலை நிலைக்கும்.

காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி, போலீசுக்குத் தகவல், இரண்டும் சட்டப்படி உங்கள் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் விலகி நேரே ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அடுத்து வண்டி. பட்டறைக்கு இழுத்துப் போனால் பாதி சாட்சியம் போச்சு. அதற்கு முன் நீங்களோ கிளீனரோ கியர் இருக்கும் நிலை, ஏர் மீட்டர் (பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டுவது) முள், நான்கு பக்கமும் பிரேக் டிரம் என்று படம் எடுங்கள். பிரேக் முன்பே போய்விட்டது என்று காட்ட முள் இறங்கியிருப்பது மட்டும் போதாது. மோதலில் ஏர் ஹோஸ் அறுந்தாலும் முள் இறங்கும். அறுந்த முனையைக் கிட்டே வைத்து எடுங்கள். வெட்டு புதிதாகப் பளிச்சென்று இருந்தால் மோதலில் அறுந்தது. வெடிப்புக்குள் அழுக்கும் எண்ணெயும் படிந்திருந்தால் ஏற்கெனவே வெடித்திருந்த ஹோஸ், அதாவது பராமரிப்புக் குறை. டிரம் நீலம் பாய்ந்து, லைனிங் கருகியிருந்தால் சூட்டில் பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முதலில் கேட்பது கியரைத்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கியிருந்தால் மறைக்காதீர்கள். பொய் ஒன்று பிடிபட்டால் மற்ற உண்மைக்கும் மதிப்பு போய்விடும். இன்ஸ்பெக்டரின் ஆய்வறிக்கை நகல் கட்டாயம் வேண்டும்.

எடை மேடைச் சீட்டையும் விடாதீர்கள். ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டவைத்தவரும் அதில் பொறுப்பு. பிரேக் சரியில்லை என்று ஓனருக்கு முன்பே வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால் அந்த போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள்.

விபத்து நடந்த 30 நாளுக்குள் டிரைவர் தரப்பு விவரத்தைப் படிவம் 3-இல் விசாரணை அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். லைசென்ஸ் தகுதிநீக்கத்துக்கு ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது. உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. தபால் கவரைக்கூடப் பத்திரமாக வையுங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி.

இனி வேலை. வெற்றுத் தாளிலோ, 'நானே விலகுகிறேன்' என்ற கடிதத்திலோ கையெழுத்து வேண்டாம். அதன் பிறகு நீக்கினார்கள் என்று சொல்லவே முடியாது. 'நாளையிலிருந்து வராதே' என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வண்டிச் சேதத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பதானால், சேதம் உங்கள் அலட்சியத்தால் நேர்ந்ததாக இருக்க வேண்டும். பிடிக்கும் முன் உங்கள் விளக்கத்தையும் கேட்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்தாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

நீக்கியே விட்டால் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரச மனு கொடுங்கள். அங்கே பெரும்பாலும் சிக்குவது ஒரே கேள்வியில்: 'இவர் எங்க டிரைவரே இல்லை' என்பார் ஓனர். பணி ஆணை இல்லாதவர்களுக்கு டிரிப் ஷீட், பேட்டா வந்த ஜிபே வரவு, லோடு ஏற்றிய இடத்தில் போட்ட கையெழுத்து எல்லாம் கைகொடுக்கும். பாளையம், கிருஷ்ணகிரி டோலில் ஃபாஸ்டேக் பதிவான நேரத்தையும் டிரிப் ஷீட்டோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். தொழிலாளிக்கு அங்கே இலவச சட்ட உதவி உரிமை. போனில் என்றால் 15100.