நெறிமுறைக் குழு எதை ஆய்வு என்று ஏற்கிறது? கல்வி ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வு அவர்களுக்குத் தீங்கு செய்யுமா என்று முன்கூட்டியே பார்த்து அனுமதி தருவது நெறிமுறைக் குழு. அதன் அனுமதியைக் கடைசியில் நிரப்பும் படிவமாக நினைப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. யாரிடம் பேசலாம், எதைக் கேட்கலாம், எப்படிப் பதிவு செய்யலாம் என்று அந்தக் குழு பார்க்கும்போதே, எது ஆய்வாக வெளிவரும் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. தரவைச் சேகரித்துவிட்டு அப்புறம் போய்க் கேட்டால் பொதுவாக அனுமதி கிடைக்காது.

இந்த ஏற்பாடு பெரும்பாலும் மருத்துவத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமலே கவனித்து வந்த கொடுமை வெளியானதும், மனிதர்களிடம் நடக்கும் ஆய்வை ஒழுங்குபடுத்த 1974-இல் ஒரு சட்டமும், அதற்கான அடிப்படை நெறிகளைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கை 1979-இலும் வந்தன. இந்த ஏற்பாட்டின் அக்கறை இன்றும் தேவை. ஆனால் மருந்துச் சோதனைக்கு ஏற்ற படிவம் வகுப்பறைக்கு அப்படியே பொருந்தாது. களத்தில் இருந்து கவனிக்கும் ஆய்வில் கேள்விகள் போகப் போகத்தான் உருவாகும். குழுவைத் திருப்திப்படுத்த ஒரு வினாப்பட்டியலைப் போலியாகத் தயாரிக்காதீர்கள். எந்த விஷயங்களைப் பற்றிக் கேட்பீர்கள், எப்போது மறுபடி ஒப்புதல் கேட்பீர்கள், எந்த மாற்றத்துக்குக் குழுவிடம் திரும்பி வருவீர்கள் என்று எழுதுங்கள்.

தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும் என்பது இன்னொரு தவறு. அது பள்ளிக்குள் நுழையும் அனுமதி மட்டுமே. பெற்றோரின் ஒப்புதல் வேறு, குழந்தையின் சம்மதம் வேறு. சொந்த வகுப்பையே ஆராயும் ஆசிரியருக்குச் சிக்கல் இன்னும் அதிகம்: மதிப்பெண் போடுகிறவரிடம் எந்த மாணவர் மறுப்பார்? ஒப்புதலை வேறொருவர் வாங்கட்டும். யார் சம்மதித்தார்கள் என்பது மதிப்பெண் வெளியாகும்வரை உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடாது. சிறிய பள்ளியின் ஒரே கணித ஆசிரியரை எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு, குழு மறுத்துவிடும் என்று அஞ்சி நாமே தலைப்பை மாற்றிக்கொள்வது. அடி, கேலி, பாகுபாடு பற்றிய கேள்விகளை விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்போடு முடித்துக்கொண்டால், அதிகம் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் குரல் ஆய்வில் இல்லாமலே போகிறது. கேட்பதில் உள்ள ஆபத்தோடு, கேட்காமல் விடுவதில் உள்ள ஆபத்தையும் விண்ணப்பத்தில் சொல்லுங்கள். ஒரு குழந்தை துன்புறுத்தலைச் சொன்னால் யாரிடம் கொண்டுபோவீர்கள், எந்த இடத்தில் ரகசியம் காக்க முடியாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குழு திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேட்டு, திருத்தி, மறுபடி கொடுங்கள்.