மூன்று பட்டியல் ஒன்றான கதை

மதுரையில் ஒரு சிறிய அறக்கட்டளையின் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். யார் எவ்வளவு நன்கொடை தந்தார்கள் என்ற விவரத்தை, பான் போன்ற அடையாள எண்ணோடு, 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தர வேண்டியிருந்தது. அதைப் போட்டால்தான் கொடையாளருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழ் தர முடியும். அது இல்லாமல் அவர் நன்கொடைக்கான 80ஜி வரி விலக்கு கேட்பது சிரமமாக இருந்தது. எங்களிடமோ ஒரே கொடையாளர் ரசீதுப் புத்தகத்தில் இனிஷியலோடு, எக்செலில் இனிஷியல் இல்லாமல், கணக்கு மென்பொருளான டேலியில் கடைப் பெயரில் இருந்தார். பான் எண் எங்குமே இல்லை.

புது மென்பொருள் வாங்கலாம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். முதலில் யாருக்கு எந்தத் தகவல் எப்போது தேவை என்று எல்லோரும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதினோம். அப்புறம் கைபேசி எண்ணை அடையாளமாக வைத்துப் பட்டியல்களைச் சேர்த்தோம்; இரண்டு வாரம் பிடித்தது. ரசீதிலேயே பான் எண்ணுக்குப் பத்துக் கட்டம் அச்சடித்தோம். பணம் தரும்போதே கேட்டால் பெரும்பாலும் யாரும் தயங்குவதில்லை. மென்பொருள் பேச்சை இப்போதுதான் எடுத்திருக்கிறோம்.