திறமூல மென்பொருளை நம்பி இறங்கும் முன், அதன் வருமானத்தைப் பாருங்கள்

நிறுவனத்தின் அன்றாட வேலைக்கு ஒரு திறமூல மென்பொருளை, அதாவது மூலநிரலை எவரும் படித்து மாற்றிப் பகிரக்கூடிய மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் வசதிகளையும் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதை எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. சில ஆண்டுகள் கழித்தும் அது இதே உரிமத்தில் கிடைக்குமா என்பது பெரும்பாலும் அந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகிறது.

முதலில் உரிமக் கோப்பைப் படியுங்கள். பதிப்புரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் கூடவே பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், மாற்றி வெளியிடுவோரும் அதே உரிமத்தில் மூலநிரலைத் தர வேண்டும் என்று கோரும் ஜிபிஎல் உரிமத்தில் வெளிவருகிறது. அதன் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானோரிடம் சிதறிக் கிடப்பதால், எந்த ஒரு நிறுவனமும் தன் விருப்பப்படி அந்த உரிமத்தை மாற்ற முடியாது. ஆனால் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை ஏற்றால்தான் வெளியார் அனுப்பும் திருத்தங்கள் சேர்க்கப்படும் என்று ஒரு நிறுவனம் சொன்னால், வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரத்தை அந்த ஒப்பந்தம் யாருக்குக் கொடுக்கிறது என்று தேடிப் பாருங்கள். தரவுத்தள நிறுவனமான மாங்கோடிபி 2018இல் ஜிபிஎல்லின் ஒரு வகையான ஏஜிபிஎல்லை விட்டு, சேவையாக விற்பவர்களுக்குக் கடும் நிபந்தனை விதிக்கும் எஸ்எஸ்பிஎல்லுக்கு மாற முடிந்தது இத்தகைய உரிமை அதன் கையில் இருந்ததால்தான். மூலநிரலை மூடிய மென்பொருளிலும் சேர்க்க அனுமதிக்கும் பிஎஸ்டி போன்ற தளர்வான உரிமங்களில், புதிய பதிப்புகளின் உரிமத்தை மாற்ற அந்த ஒப்பந்தம்கூடத் தேவையில்லை. ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கும் ரெடிஸ் நிறுவனம் 2024 மார்ச்சில் பிஎஸ்டியைக் கைவிட்டபோது, பழைய பதிப்பை எடுத்துக்கொண்டு அதே மாதத்திலேயே லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கீழ் வால்கீ என்ற தனிக் கிளைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏற்கெனவே வெளியான பதிப்பின் உரிமத்தை எவராலும் திரும்பப் பெற முடியாது என்பதுதான் பயனாளருக்கு உள்ள பெரிய பாதுகாப்பு.

அடுத்து, வருமானம் வரும் வழியைக் கண்டறியுங்கள். லினக்ஸ் மென்பொருள் நிறுவனமான ரெட் ஹாட் மூலநிரலை விற்கவில்லை. சோதிக்கப்பட்ட வெளியீடுகள், பல ஆண்டுகளுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள், ஆதரவு ஆகியவற்றைச் சந்தாவாக விற்று, 2012 நிதியாண்டில் 100 கோடி டாலர் வருவாயைத் தாண்டியது. 2019இல் ஐபிஎம் அதை ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. நிரலாக்கக் குழுக்களுக்கான தளத்தைத் தரும் கிட்லேப் அடிப்படையைத் திறந்து வைத்துவிட்டு, பெரிய நிறுவனங்களுக்கு வேண்டிய வசதிகளுக்குக் கட்டணம் வாங்குகிறது. மென்பொருளைத் தானே கிளவுடில் இயக்கித் தருவதை மட்டும் நம்பும் நிறுவனத்தைத்தான் அதிகக் கவனத்துடன் அணுக வேண்டும். ஏனெனில் அதே மென்பொருளை அமேசான் போன்ற பெரிய நிறுவனமும் எழுதும் செலவின்றி இயக்கி விற்கலாம். தேடல் மென்பொருள் நிறுவனமான எலாஸ்டிக் 2021இல் உரிமத்தை மாற்றியதற்கு இந்தப் போட்டியே காரணம். அதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது. எழுதும் செலவு ஒருவருக்கும் விற்கும் லாபம் இன்னொருவருக்குமாக இருக்கும் ஏற்பாடு நெடுநாள் நிற்காது.

மூன்றாவதாக, உண்மையில் யார் எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூலநிரல் வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தை இறக்கி, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் 'கிட் ஷார்ட்லாக்' (git shortlog) கட்டளையால் கடந்த ஓராண்டின் பங்களிப்புகளை மின்னஞ்சல் முகவரியோடு பட்டியலிட்டால் போதும். பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் முகவரிகளிலிருந்து வந்தால், அந்த நிறுவனத்தின் நிதிநிலைதான் உங்கள் மென்பொருளின் ஆயுள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் இதற்கு நேர்மாறு: அதன் மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பதை ஒரு மரபாகவே காத்து வருகிறார்கள். அதனால்தான், உரிமம் தளர்வானதாக இருந்தும், அதை நம்பிப் பத்தாண்டுத் திட்டம் போடலாம் என்கிறேன்.

பட்டியலில் ஓரிருவர் மட்டுமே தென்பட்டால் ஆபத்து வேறு வகையானது. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதியைக் காத்து நின்ற அதற்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடைதான் வந்துகொண்டிருந்தது. அத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துவதென்றால், செர்வர் வாடகையைப் போல அதற்கும் ஆண்டு வரவுசெலவில் ஒரு தொகை ஒதுக்குங்கள். பெங்களூரைச் சேர்ந்த பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதா 2024இல் இதற்காகவே ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதியைத் தொடங்கியது. அதற்கு விண்ணப்பிக்கும் திட்டங்கள் தங்கள் தேவையை 'ஃபண்டிங் ஜேசன்' (funding.json) என்ற கோப்பில் வெளிப்படையாக எழுதி வைக்கின்றன. நீங்கள் சார்ந்திருக்கும் மென்பொருளின் களஞ்சியத்தில் அந்தக் கோப்பு இருந்தால், எவ்வளவு ஒதுக்குவது என்பதை அதைப் படித்தே முடிவு செய்யலாம்.